டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற படிப்பு

பிசிஷியன் அசிஸ்டெண்ட் வேலை பார்க்கிறவர்களுக்குப் பாதி நேரம் வேலையில் போகும், மீதி நேரம் அது என்ன வேலை என்று சொல்வதில் போகும்.

என் பெயர் கோமதி. ஊர் ஆந்திராவில் இருக்கிற நகரி, வீட்டில் தமிழ்தான். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்ஜரி பிரிவில் அந்த வேலையில்தான் இருக்கிறேன். டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளியிடம் உட்கார்ந்து என்ன செய்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்பேன். தொட்டுப் பார்ப்பேன். டாக்டரிடம் சுருக்கிச் சொல்வேன். ஆபரேஷனில் கூட நிற்பேன். பிறகு காயத்தைப் பார்ப்பேன். டாக்டர் சொன்னதை நோயாளியின் பாஷையில் திருப்பிச் சொல்வேன். மருந்து மட்டும் நானாக எழுத மாட்டேன். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால், எதிரில் இருப்பவர் "ஓ, நர்சா" என்பார். அது நர்சுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை.

ஆடியாலஜி, பெர்ஃப்யூஷன், ஆப்டோமெட்ரி என்று ஏதாவது படித்துவிட்டு, கல்யாணப் பந்தியில் "நீ இன்னாம்மா படிச்சிக்கினு கீறே" என்று யாராவது கேட்டால் சாம்பார் வாளி எங்கே வருகிறது என்று எட்டிப் பார்க்கிற ஜாதியா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இது.

நைனாவின் கேள்வி

பிளஸ் டூவுக்கு எங்கள் பக்கம் இன்டர் என்று பெயர். அதில் பயாலஜி குரூப்பை பைபிசி என்போம். பைபிசி படித்துவிட்டு நீட் எழுதினேன், வரவில்லை. இன்னொரு முறை எழுதினேன், முன்னைவிடக் கம்மியாக வந்தது. சித்தூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிற என் மாமாதான், "டாக்டருக்கு அடுத்த படி ஒண்ணு கீது" என்று இந்தப் படிப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார். நானும் நைனாவும் புத்தூர் வழியாக பஸ் பிடித்துத் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம்.

நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. அவருக்கு விசைத்தறி வேலை. நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசத் தெரியாது. அட்மிஷன் ஹாலில் டை கட்டிய ஒரு பையன் தமிழிலேயே விளக்கினான். இன்டரில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் இருக்க வேண்டும். பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். இன்டர்வியூ உண்டு, மெடிக்கல் ஃபிட்னஸ் உண்டு. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இவங்க பக்கத்துல இருப்பாங்க. ஆபரேஷன்ல பக்கத்துல இருப்பாங்க. ஓபியிலயும் பக்கத்துல இருப்பாங்க" என்றான். நைனா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தறிச் சத்தத்துக்கு மேலே பேசுகிற அதே குரலில், ஹாலில் இருந்த அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்:

"தம்பி, பக்கத்துல நின்னுக்கினு இருக்கறதுக்கா நாலு வருசம்?"

சேவை

இன்டர்வியூவுக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய்விட்டு வந்தவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். இந்தப் படிப்பு ஏன் வேண்டும்? எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெண் அதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளிடமிருந்து நானும் இரண்டு வரி கற்றுக்கொண்டேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வயதான டாக்டர் ஒருவர், காலையிலிருந்து சேவையைக் கேட்டுக் கேட்டுக் களைத்த முகம். அவர் தெலுங்கில் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஆங்கில வரி இரண்டும் மறந்துபோனது. வாயில் வந்தது உண்மைதான். "நீட் ரெண்டு வாட்டி எழுதினேன் சார், வரல. ஆஸ்பத்திரி வேலை ஆசை. இதுல சேந்தா உள்ள வரலாம்னாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சீட்டு போய்விட்டது என்று புரிந்தது. பக்கத்தில் இருந்தவர் எதையோ எழுதப் போனார். வயதான டாக்டர் அவர் கையைத் தடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, திருப்பதித் தமிழில் என்னிடம் சொன்னார்:

"காலையில இருந்து நிஜம் சொன்னது நீ ஒருத்திதாம்மா. சீட்டு குடுக்கறோம், ஆனா சேவைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, ரெக்கார்டுல போடணும்."

ஃபிட்னஸ்

சேருவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எல்லாம் முடித்து ஃபிட்னஸ் வாங்க வேண்டும். அங்கேதான் மகேஷை முதலில் பார்த்தேன். கார்வேட்டிநகரத்துப் பையன். வீட்டில் தெலுங்கு. தமிழ் அவனுக்குப் புரியும், அவன் பேசினால் நமக்குத்தான் புரியாது. வாசற்படியில் குனிந்து வருகிற உயரம். ஊசிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் அவன்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றான்.

அவன் முறை வந்தது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார்கள். ஊசி உள்ளே போனது. சிரிஞ்சில் ரத்தம் ஏறுவதை மகேஷ் ஒரு விநாடி பார்த்தான். அடுத்த விநாடி நாற்காலியோடு சாய்ந்தான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தாங்கியிருக்காவிட்டால் தலை சுவரில் மோதியிருக்கும். தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்தோம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கிளினிக்கல் அனுபவம் அது, இடது கால் என் பங்கு. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். ஊசி போட்ட டெக்னீஷியனைத் தேடிப் பிடித்து மெல்லக் கேட்டான்:

"சீட்டு போயிந்தா, சார்?"

மொட்டைத் தலைப் பெரியவர்

போகவில்லை. நான்கு வருடமும் நானும் மகேஷும் ஒரே பேட்ச். முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல் என்று புத்தகத்தோடு போனது. இரண்டாம் வருடம் வார்டுக்குள் விட்டார்கள். நோயாளியிடம் விவரம் கேட்பதுதான் எங்கள் படிப்பின் உயிர் என்பார் எங்கள் மேடம். வலி என்றால் எங்கே, எப்போது, குத்தலா, எரிச்சலா, பிசைகிறதா, எங்காவது பரவுகிறதா என்று ஒழுங்காகக் கேட்க வேண்டும். நடுவில் அவசரப்படக் கூடாது. நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் மேடம் என்னிடம், "கடைசி ரூம்ல மொட்டை அடிச்ச தமிழ்ப் பெரியவர் இருக்கார், போய்க் கேட்டு வா" என்றார். திருப்பதி ஆஸ்பத்திரியில் மொட்டை ஒரு அடையாளமே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. போனேன். கட்டில் ஓரத்தில் ஒரு மொட்டைத் தலைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். முட்டி வலி என்றார். என்ன மாதிரி வலி என்றேன். வலிக்கிற மாதிரி வலி என்றார். விடாமல் கேட்டேன். படி ஏறினால் அதிகம், மழைக்காலத்தில் அதிகம். தூக்கம் சரியில்லை. மனைவி போன பிறகு பசியும் இல்லை. மகன் சென்னையில். எல்லாவற்றையும் கேட்டு, முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, பிரமாதமாக ஒரு கேஸ் தயார் செய்து எழுந்தேன்.

அப்போது பாத்ரூம் கதவு திறந்து இன்னொரு மொட்டைத் தலைப் பெரியவர், கையில் டிரிப்ஸ் பாட்டிலோடு வெளியே வந்தார். அவர்தான் நோயாளி. நான் இவ்வளவு நேரம் விசாரித்தது கூட இருக்க வந்த அவருடைய தம்பியை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் தாத்தா, நீங்க பேஷண்ட் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா" என்றேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. நகர்ந்து அண்ணனுக்குக் கட்டிலில் இடம் விட்டுக்கொண்டே சொன்னார்:

"நீ கேட்டே, நான் சொன்னேன். இத்தினி வருசத்துல உனுக்கு இன்னா பண்ணுதுன்னு என்னை யாரும்மா கேட்டாங்க?"

பேனா

மூன்றாம் வருடம் எங்களுக்கு வெள்ளைக் கோட்டு வந்தது. ஒரே கடையில் தைத்த ஒரே கோட்டு, ஒரே மாதிரி அடையாள அட்டை. ஆனால் மகேஷ் அதைப் போட்டால் டாக்டர். நான் போட்டால் சிஸ்டர். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவனுடைய உயரம் அப்படி.

ராமகுப்பத்திலிருந்து பட்டுப்பூச்சி வளர்க்கிற ஒரு விவசாயி வயிற்று வலியோடு சேர்ந்திருந்தார். அவரிடம் நான் முழு விவரமும் கேட்டேன். பூச்சிக்கு இலை போடுகிற நேரத்துக்கு இவர் சாப்பிடுவதே இல்லை என்பது வரைக்கும் கேட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எங்கே அமுக்கினால் வலிக்கிறது, எங்கே கையை எடுத்தால் வலிக்கிறது எல்லாம் பார்த்தேன். அந்தச் சமயம் மகேஷ் உள்ளே வந்து, என் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்து மரியாதைக்கு ஒரு முறை தலையாட்டிவிட்டுப் போனான். விவசாயி படுக்கையிலிருந்து எழுந்து அவன் போன திசையில் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்துப் பெரிய மனதோடு சொன்னார்:

"நீயும் நல்லாதான் கேட்டேம்மா, ஆனா டாக்டரு வந்து பாத்துட்டுப் போனாரே, அதுக்கப்புறம்தான் வலியே கொஞ்சம் கொறஞ்சுது."

பெயர் மாற்றம்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு வழியாக "பிசிஷியன் அசிஸ்டெண்ட்" என்கிற வார்த்தையைப் பழக்கிவிட்டிருந்தார் நைனா. டீக்கடையில் நாக்குத் தடுமாறாமல் சொல்லுகிற அளவுக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, இனிமேல் அசிஸ்டெண்ட் இல்லை, "அசோசியேட்" என்று சொல்ல வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டோம். கௌரவம் என்றார்கள். வீட்டுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். மறுமுனையில் தறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நைனா கவலையோடு கேட்டார்:

"அப்போ அந்தப் பழைய படிப்பு பெயிலாயிடுச்சா?"

போர்டு

இது சிரிக்கிற கதை இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

இன்டர்ன்ஷிப் முடியப் போகிற சமயம். வேலை எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் அலைந்துகொண்டிருந்தோம். நிறைய ஆஸ்பத்திரிகளுக்கு எங்களை எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்றே தெரியவில்லை. மகேஷின் நிலைமை இன்னும் மோசம். அவன் அம்மா கார்வேட்டிநகரத்தில் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லி நான்கு வருடம் ஆகிவிட்டது. அவன் லீவில் ஊருக்குப் போனால் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள். இல்லை என்று சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வரதய்யபாளையம் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற ஒருவர் மகேஷுக்கு ஆள் அனுப்பினார். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, வந்து உட்கார்ந்தால் போதும் என்று. மகேஷ் என்னிடம் யோசனை கேட்டான். மருந்து எழுத நமக்கு அனுமதி இல்லை என்றேன். தெரியும் என்றான். சும்மா பார்த்துவிட்டு வரலாம், கடைக்காரர் தமிழ் ஆள், நீ கூட வந்தால் பேச வசதி என்றான். அவன் குரலைக் கேட்டதும் தனியாக அனுப்பக் கூடாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காளஹஸ்தி போய் பஸ் மாறிப் போனோம்.

கடைக்காரர் நல்ல மனிதர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பின் அறையில் மேஜை, நாற்காலி, திரை, கட்டில் எல்லாம் தயார். சுவரில் சாய்த்து வைத்திருந்த போர்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை. டாக்டர் மகேஷ் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, அதன் கீழே எனக்கும் மகேஷுக்கும் அர்த்தம் தெரியாத நான்கு ஆங்கில எழுத்துகள். மகேஷ் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். புது டாக்டர் வருகிறார் என்று கடைக்காரர் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல், பால் குடிக்கவில்லை.

கடைக்காரர் ஊசி மருந்தை உடைத்து, சிரிஞ்சை மகேஷ் பக்கம் நீட்டினார். மகேஷ் வாங்கவில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கி, வாட்சைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினான். நானும் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்த எல்லோரும் இதைப் பார்த்தால் நிற்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மகேஷ் நிமிர்ந்து, "நேனு டாக்டர் காதம்மா" என்றான். அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு புரிந்தது, ஆனால் விஷயம் புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். இவர் டாக்டர் இல்லை, குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகேஷ் நூற்றெட்டுக்குப் போன் செய்தான். வண்டி வரும் வரை குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றான். வண்டியில் அவனும் ஏறிப் போனான். குழந்தைக்கு நிமோனியா. ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டது. மகேஷ் இப்போது சித்தூரில் ஒரு இதய டாக்டரிடம் வேலை பார்க்கிறான். அன்றைக்குக் கடையில் தனியாக மிச்சம் இருந்த எனக்கு, கடைக்காரர் இன்னொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். போர்டைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார், கோபமே இல்லாமல் வருத்தப்பட்டுச் சொன்னார்:

"மொத கேசையே வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறவன் எப்படிம்மா டாக்டராவான்?"

தயிர்சோறு

எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒரு நெசவாளர், நம் நகரிக்காரர்தான், தயிர்சோறு சாப்பிடலாமா என்று சர்ஜனைக் கேட்டிருக்கிறார். சர்ஜன் அவசரத்தில், "மேடத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போய்விட்டார். மேடம் என்றால் நான்தான். நெசவாளர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் முதல் வாரம் இல்லையா, எல்லையைத் தாண்டிவிடக் கூடாது என்று பயம். "டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றேன். மத்தியானம் சர்ஜன் அந்தப் பக்கமாகப் போனபோது நெசவாளரே மறுபடி கேட்டார். "மேடம் சொல்லலையா?" என்று சர்ஜன் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். நான் வந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தட்டை மூடி ஓரமாக வைத்திருந்த நெசவாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா பேசி முடிச்சிட்டு வாங்க, அதுவரைக்கும் நான் துன்னாம இருக்கேன்."

கன்னியப்பன்

கன்னியப்பன் புத்தூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் கரும்பு போடுகிறவர். சர்க்கரை நோய். காலில் முள் குத்தியது தெரியவே இல்லை, தெரிந்தபோது இரண்டு விரல் கறுத்துவிட்டது. எங்கள் சர்ஜன் பார்த்ததும் சொல்லிவிட்டார், அந்த இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் கால் போகும். சர்ஜனுக்குத் தமிழ் குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. கன்னியப்பன் ஒரே பிடியாக மாட்டேன் என்றார். காலை அறுக்கிற ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன், ஊரில் இலை வைத்துக் கட்டுகிறவர் இருக்கிறார் என்று பையை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி சின்னப்பொண்ணு கதவருகில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டியது சர்ஜன்தான். அதற்கு முன்னால் புரியவைப்பது என் வேலை. "எக்ஸ்ப்ளெயின் பண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கன்னியப்பன் என் கோட்டைப் பார்த்தார். "நீ டாக்டரா?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் என்னென்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இதுவரை படித்த உங்களுக்குத் தெரியும். நான்கு வருடப் படிப்பையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கத் தயாராக, "இல்லைங்க, நான் டாக்டர் இல்ல" என்று ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார். பையைக் கீழே வைத்தார். "அப்போ நெசத்தச் சொல்லு. அறுக்கணுமா?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். கட்டைப் பிரித்து, அவர் பார்க்காமல் திருப்பிக்கொண்டிருந்த காலை அவரையே பார்க்க வைத்தேன். கறுத்த இடத்தில் தொட்டு, தெரிகிறதா என்றேன். தெரியவில்லை என்றார். கொஞ்சம் மேலே தொட்டேன், தெரிகிறது என்றார். "இந்த உயிர் இருக்கற இடத்தைக் காப்பாத்தத்தான் அந்த உயிர் போன இடத்தை எடுக்கறோம். விரல் திரும்ப வராது. ஆனா செருப்பு போட்டு நடப்பீங்க. கழனிக்குப் போவீங்க. இலை கட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அதையும் சொல்லணுமா" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பொண்டாட்டியைப் பார்த்தார். "இன்னாடி சொல்றே?" என்றார். சின்னப்பொண்ணு, "கால் இருந்தா போதும், வெரலு எவனுக்கு வேணும்" என்றார். சர்ஜனைக் கூப்பிட்டேன். அவர் வந்து, என் வழியாக இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்லி, கையெழுத்து வாங்கினார்.

ஆபரேஷனில் சர்ஜனுக்கு எதிர்ப்பக்கம் நின்றது நான்தான். காயம் ஆற நாளானது. நடுவில் ஒரு முறை மோசமாகி, சர்ஜன் முகமே மாறிவிட்டது. நான் சொன்ன வார்த்தைதானே என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு காயம் தேறிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் கன்னியப்பன் பரிசோதனைக்கு வந்தார், தனியாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து. சர்ஜன் காலைப் பார்த்துத் திருப்தியாகத் தோளில் தட்டினார். என்னைக் காட்டி, "மேடம்தான் உங்களை ஒத்துக்க வெச்சாங்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கன்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே சர்ஜனிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணு டாக்டராயிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் சார்."

நாலு வருடத்தில் நான் படித்ததில் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது "நான் டாக்டர் இல்லைங்க" என்கிற ஒரு வரிதான், அதை மட்டும் ஏனோ இன்னும் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.